கேள்வி உங்களுடையது: வக்கீல் பீஸ் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வழக்கு இருக்கிறது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். குடும்ப விவகாரங்கள் என்பதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கணவர் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு பைசா தருவதில்லை. ஜீவனாம்சம் கேட்கலாம் என்று ஒரு வக்கீலைப் பார்த்தால் முப்பதாயிரம் கேட்கிறார். இலவச வக்கீல் கிடைப்பார் என்கிறார்கள், ஆனால் எனக்குச் சம்பளம் வருவதால் கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? (சிவகாசி)

பதில்: சம்பளம் வந்தால் கிடைக்காது என்று சொன்னவர் யாராக இருந்தாலும் தவறாகச் சொல்லியிருக்கிறார், சகோதரி. பெண்களுக்கு இலவச சட்ட உதவி தர வருமான வரம்பே கிடையாது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-ஆவது பிரிவு. அதில் பெண், குழந்தை என்று மட்டும்தான் இருக்கிறது, ஏழைப் பெண் என்று இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தை வைத்து உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

போக வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. இது மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும், உங்கள் மாவட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வேலைக்கு லீவு போட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் வட்ட அளவில் இயங்கும் சட்டப் பணிகள் குழுவிடம் கொடுத்தாலும் போதும். வளாகத்துக்குள் நுழைந்ததும் “என்னம்மா கேஸ்?” என்று பக்கத்தில் வந்து நிற்பவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அலுவலகம் எங்கே என்று போலீஸ்காரரிடமோ கோர்ட் ஊழியரிடமோ கேட்டு நேராகப் போங்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுத வராது என்றால் வாயால் சொல்லுங்கள், அங்கே இருக்கும் தன்னார்வலர் எழுதிக் கொள்வார். ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ். விண்ணப்பத்தின் மேல் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

முடிவானதும் உங்கள் வழக்குக்கு ஒரு வக்கீலை நியமித்துக் கடிதம் தருவார்கள். கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, டைப் அடிக்கும் செலவு எல்லாம் இந்த உதவிக்குள் அடக்கம்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜீவனாம்ச வழக்கில் ஜெயிப்பதை விட, அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று காட்டுவதுதான் கஷ்டம். அவர் வந்து “எனக்கு வேலையே இல்லை” என்பார். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு பேருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம். அவர் எங்கே வேலை செய்கிறார், வண்டி நம்பர் என்ன, கடை வைத்திருந்தால் அதன் போட்டோ, பழைய வங்கிப் புத்தகத்தின் ஜெராக்ஸ், கையில் கிடைப்பதை எல்லாம் இப்போதே சேர்த்து வையுங்கள். அவர் இப்போது திருப்பூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. அடி உதையும் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் தனி மனு போடலாம், அதற்குச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்தாலும் வழி காட்டுவார்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். அவசரத்துக்கு ஒருவரிடம் 50,000 வாங்கி, எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாதிக்கு மேல் கட்டியும் விட்டேன். இப்போது 3 லட்சம் என்று எழுதி வழக்குப் போட்டு சம்மன் வந்திருக்கிறது. ஆண்களுக்கு இலவச வக்கீல் உண்டா? அதுவும் என் மேல்தானே வழக்கு, எனக்குக் கிடைக்குமா? (திருச்சி)

பதில்: உண்டு. வழக்குப் போடுகிறவருக்கு மட்டுமல்ல, வழக்கை எதிர்கொள்பவருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் போதும். அதற்கு நீங்களே ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம், நம்ப முடியாத காரணம் இருந்தால் ஒழிய அதையே போதுமானதாக ஏற்றுக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் புயலில் பாதிக்கப்பட்டவர்கள் என்றால் அந்த 3 லட்சக் கணக்கும் தேவையில்லை.

தம்பி, உங்களுக்கு இப்போது வக்கீலை விட முக்கியம் தேதி. சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் எதிருரை, அதாவது எழுத்தில் உங்கள் பதில், போட வேண்டும், கோர்ட் மனது வைத்தால் 90 நாள் வரை நீட்டிக் கொடுக்கும். “நான்தான் கட்டிட்டேனே, என்ன ஆகப் போகுது” என்று சம்மனை ஆட்டோ டேஷ்போர்டுக்குள் செருகிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அப்புறம் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, சொத்தையோ வண்டியையோ ஜப்தி செய்ய ஆள் வரும்போதுதான் ஓடி வருவார்கள். அதையும் ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் அது இரட்டை வேலை. நாளைக்கே சம்மனோடும் அதனுடன் வந்த பிளெயின்ட் (அவர் போட்ட வழக்கு மனு) காப்பியோடும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போங்கள்.

கூகுள் பே, போன் பே வழியாகக் கட்டியிருந்தால் அந்த விவரத்தை வங்கி ஸ்டேட்மென்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுத்தது என்றால் யார் எதிரில் கொடுத்தீர்கள், எந்தத் தேதி என்று யோசித்து எழுதி வையுங்கள். வட்டி அநியாயமாக இருந்திருந்தால் 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். கையெழுத்து உங்களுடையதுதான் என்றால் “என் கையெழுத்தே இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு பொய்யில் மற்ற உண்மைகளும் அடிபட்டுப் போகும்.

கேள்வி: இலவச சட்ட உதவியில் எனக்கு ஒரு வக்கீல் கொடுத்தார்கள். முதல் வாய்தாவுக்கே “செலவுக்கு” என்று 2,000 வாங்கினார். இப்போது போனை எடுப்பதில்லை, வாய்தா தேதி கூடத் தெரியவில்லை. ஓசி வக்கீல் என்றால் இப்படித்தானா? (சேலம்)

பதில்: இல்லை, இப்படி இருக்கக் கூடாது. சட்ட உதவிக் குழுவில் இருக்கும் வக்கீல் கட்சிக்காரரிடம் பீஸ், செலவு, பேட்டா என்று எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அவருக்கான பணத்தை ஆணைக்குழுதான் கொடுக்கும். அந்தத் தொகை குறைவு, அதுவும் இழுத்தடித்துத்தான் வரும். இது வக்கீல்கள் பக்கத்து நியாயமான குறை, எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அதை வசூலிக்க வேண்டிய இடம் உங்கள் பர்ஸ் கிடையாது.

என்ன செய்யலாம்? ஆணைக்குழுவின் செயலாளருக்கு ஒரு பக்கத்தில் புகார் எழுதுங்கள். செயலாளர் என்பவர் ஒரு நீதிபதி, நேரில் பார்த்துப் பேசலாம், பயப்பட வேண்டியதில்லை. வழக்கு எண், எந்தக் கோர்ட், வக்கீலை நியமித்த கடிதத்தின் தேதி, எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள், இவ்வளவு போதும். திட்டி எழுதாதீர்கள். கீழே ஒரு வரி சேருங்கள்: “எனக்கு வேறு வக்கீல் நியமித்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன்.” இந்த வரியை விட்டுவிட்டால் புகார் விசாரணை தனியாகப் போய்க்கொண்டிருக்கும், உங்கள் வழக்கு பழைய ஆளிடமே கிடக்கும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீல் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்தா தேதி தெரிய வக்கீலை நம்பி இருக்க வேண்டாம். ஈ-கோர்ட்ஸ் என்று அரசாங்கத்தின் செல்போன் ஆப் இருக்கிறது, இலவசம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணுமாக சி.என்.ஆர். நம்பர் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் அடுத்த தேதி, போன வாய்தாவில் என்ன நடந்தது எல்லாம் வந்துவிடும். நம்பர் தெரியாவிட்டால் உங்கள் பெயரைப் போட்டும் தேடலாம். காசு கொடுத்து வைத்த வக்கீலின் கட்சிக்காரர்களும் இதைச் செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து. போன் எடுக்காத வக்கீல்கள் எல்லா விலையிலும் இருக்கிறார்கள்.

அப்புறம், சட்ட உதவியில் வரும் எல்லோரும் இப்படி இல்லை. நல்லவர் கிடைத்தவர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: என் மகனை ஒரு திருட்டு வழக்கில் பிடித்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள். வயது 21, இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. ஜாமீன் கிடைத்தும் வெளியே எடுக்க முடியவில்லை, இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறார்கள். வீட்டு வேலை செய்கிற எனக்கு யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? (செங்கல்பட்டு)

பதில்: அம்மா, முதலில் ஒரு எச்சரிக்கை. கோர்ட் வாசலில் “ஜாமீன்தாரர் ஏற்பாடு பண்ணித் தர்றேன், இவ்வளவு ஆகும்” என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்த ஆட்களின் ஆவணம் போலி என்று தெரிந்தால் உங்கள் பையனின் ஜாமீனே ரத்தாகும், புது வழக்கும் சேரும்.

காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு. மாஜிஸ்திரேட் முன்னால் முதல் முறை நிறுத்தும்போதே அதைச் சொல்ல வேண்டும் என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் காத்ரி வழக்கில் கூறிவிட்டது. 2022-க்குப் பிறகு பல மாவட்டங்களில் குற்ற வழக்குகளை மட்டும் பார்ப்பதற்கென்றே முழுநேர வக்கீல்களை ஆணைக்குழுக்கள் வைத்திருக்கின்றன. தனி பிராக்டிஸ் கிடையாது, இதுதான் வேலை. சிறைக்குள்ளேயும் சட்ட உதவி மையம் உண்டு, மகன் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம்.

உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். ஜாமீன் உத்தரவு வந்தும் ஒருவர் வெளியே வர முடியாமல் இருந்தால் என்ன செய்வது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. உத்தரவு வந்து 7 நாளில் விடுதலை ஆகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உள்ளூர்க்காரர்தான் ஜாமீன்தாரராக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அப்படி நிபந்தனை போட வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. காகிதத்தில் இவ்வளவு இருந்தும் தானாக நடக்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். செயலாளரிடம் போய், ஜாமீன் உத்தரவின் நகலைக் காட்டி, நிபந்தனையைத் தளர்த்த மனு போட வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள். பணம் கட்டச் சொல்லியிருந்தால் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் உதவ வழி இருக்கிறது, எல்லா வழக்குக்கும் பொருந்தாது, இதையும் கேட்டுப் பாருங்கள்.

வெளியே எடுப்பது ஏதோ காரணத்தால் நீண்டுவிட்டால், முதல் முறை வழக்கில் சிக்கியவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டாலே விடுவிக்கச் சொல்லும் பிரிவு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது, 479-ஆவது பிரிவு. மகன் மேல் வேறு வழக்கு இல்லை என்பது இங்கே பெரிய பலம்.

கேள்வி: விபத்தில் கால் போய்விட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல் வழக்கு நடக்கிறது. லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று என் வக்கீலே கட்டாயப்படுத்துகிறார், அவருக்கு வரும் பணத்தில் 25 சதவீதம் என்று பேச்சு. கையெழுத்துப் போடலாமா? (தர்மபுரி)

பதில்: தொகை உங்களுக்குப் பிடித்திருந்தால் போடுங்கள், இல்லையென்றால் போடாதீர்கள். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசியும் ஒத்துவரவில்லை என்றால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பிப் போகும், உங்களுக்கு எந்தக் கெட்ட பெயரும் வராது. நீதிபதி கோபித்துக்கொள்வார் என்பதெல்லாம் சும்மா.

ஆனால் ஒரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. சீக்கிரம் பணம் வருவது நல்லதுதான், வருடக் கணக்கில் இழுப்பதை விட 6 லட்சத்தை இன்றைக்கு வாங்குவது மேல் என்று ஒருவர் நினைத்தால் அதில் தப்பில்லை. நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது, விபத்துக்கு முன் என்ன வருமானம், செயற்கைக் கால் வாங்கினால் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்றும் செலவு, இது மூன்றும் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா? கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அரங்கில் கூட்டமாக இருக்கும், அவசரப்படுத்துவார்கள். “வீட்டில் கலந்து பேசிவிட்டு அடுத்த அமர்வில் சொல்கிறேன்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

25 சதவீதம்: வழக்கில் வரும் பணத்தில் பங்கு கேட்க வக்கீலுக்கு உரிமை இல்லை. இந்திய பார் கவுன்சில் விதிகளே அதைத் தடுக்கின்றன. நடைமுறையில் ஊரெல்லாம் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும், அதனால் அது சரியாகிவிடாது. மாற்றுத்திறனாளி என்ற முறையில் நீங்களும் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்தான்.

கேள்வி: வயது 74. வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாடு கூடப் போடுவதில்லை. கேஸ் நடத்த என்னிடம் தெம்பும் இல்லை, பணமும் இல்லை. (கும்பகோணம்)

பதில்: ஐயா, இதற்கு கோர்ட்டுக்கே போக வேண்டாம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸில், மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம், 23-ஆவது பிரிவின்படி அந்த செட்டில்மென்ட்டை ரத்து செய்யவும் கேட்கலாம். பத்திரத்தில் “என்னைப் பராமரிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தால் வேலை சுலபம். எழுதியிருக்காவிட்டாலும் மனு போடுங்கள், ஆனால் எதிர்ப்பக்கம் வாதாடும், ரத்து கிடைப்பது உறுதியில்லை. பத்திரத்தின் நகல் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். முதியோர் உதவி எண் 14567. அங்கே அழைத்தால் மனு எழுதவும் வழி சொல்வார்கள்.

கேள்வி: தனியார் வக்கீலிடம் வழக்கைக் கொடுத்து, இனி பீஸ் கட்ட முடியாமல் சட்ட உதவிக்கு மாறலாம் என்று பார்க்கிறேன். பாக்கி 15,000 கொடுத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன் என்கிறார். (தூத்துக்குடி)

பதில்: மாறலாம், வழக்கு பாதியில் இருந்தாலும் சட்ட உதவி கேட்க முடியும். கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்பை வக்கீல் நிறுத்தி வைக்க முடியாது என்று 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி நியாயமானது என்றால் அவர் அதற்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சண்டை போடாமல் முதலில் கேளுங்கள், வக்காலத்தை (வழக்கை நடத்த வக்கீலுக்குக் கொடுத்த அதிகாரம்) மாற்ற “ஆட்சேபணை இல்லை” என்று அவர் கையெழுத்தும் வேண்டியிருக்கும். தரவில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அந்த ரசீதோடு ஆணைக்குழுவுக்குப் போங்கள். கையெழுத்து இல்லாமலேயே கோர்ட் அனுமதியோடு வக்கீலை மாற்றலாம், புது வக்கீல் அதற்கு மனு போடுவார். அதுவரை காத்திருக்காமல் கோர்ட்டிலேயே நகல் மனு போட்டு, தாக்கலான ஆவணங்களின் சான்றிட்ட நகலை வாங்கிவிடுங்கள். ஒரிஜினல் பத்திரம் எதையாவது அவரிடமே கொடுத்து வைத்திருந்தால் அதன் பட்டியலைக் கடிதத்தில் தனியாக எழுதுங்கள், பின்னால் “அப்படி ஒன்றும் வாங்கவில்லையே” என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். நேரில் போக முடியாத நாளில் 15100-க்கு போன் செய்யலாம், சட்ட உதவிக்கான தேசிய இலவச எண் அது.